ஷட்டருக்குள்ளே சௌந்தரம் எழுதிய பரீட்சை

சௌந்தரம் நல்லவள் என்று நான் சொல்லப்போவதில்லை. நல்லவளாக இருந்தால் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி, கோபம் வந்தால் கையில் இருப்பதை விட்டெறிவாள். ஆனால் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களில் அவளைப் போல் கண் உள்ள ஒருத்தியை நான் பார்த்ததில்லை. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விரிஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். எட்டாவதில் இங்கிலீஷில் ஃபெயில் ஆகி, அத்தோடு ராமமூர்த்தியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். ராமமூர்த்தி தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலை ஊறப்போட்டுச் சுற்றுகிற டிரம்மை ஓட்டுகிறவன். வேலைக்குப் போகிற நாள் கம்மி, போகாத நாளுக்குக் காரணம் மட்டும் மூட்டை மூட்டையாக வைத்திருப்பான். அடுப்பு எரிய வேண்டுமே என்று இவள் தொண்ணூறாம் வருஷம் ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைக்கிற கம்பெனி. அதை அப்பர் என்பார்கள். அதற்கு அடிப்பாகம் வேறு நாட்டில் ஒட்டுவார்களாம்.

சேர்ந்ததும் இவளைச் சொல்யூஷன் என்கிற பசை தடவுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். ஏழு வருஷம் பிரஷ்ஷும் டப்பாவுமாக இருந்தாள். சாயந்திரம் வரும்போது குடித்தவள் மாதிரி நடப்பாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் சொல்யூஷன் நாற்றம்தான் வருகிறது என்று தட்டோடு தள்ளிவிடுவாள். அந்த நாற்றத்தில் அவளுக்கு மல்லிகைப்பூ வாசனைகூடப் போய்விட்டது. "பூ வாங்கிக் குடுக்கிற செலவு மிச்சம்" என்று ராமமூர்த்தி சொன்னான். அன்றைக்குத்தான் அவன் நெற்றியில் சொம்பு பட்டது.

ஒருநாள் சொல்யூஷன் மேசையில் உட்கார்ந்தபடியே, பத்தடி தள்ளிப் போன டிரேயைப் பார்த்து, "சார், அதுல இடதும் வலதும் வேற வேற தோலு" என்று கத்தியிருக்கிறாள். சூப்பர்வைசர் சத்தார் எடுத்து ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அடுத்த வாரமே செக்கிங் மேசைக்கு மாற்றினார்கள். பதினோரு வருஷம் அந்த மேசை அவளுடையதாக இருந்தது. அப்பரைத் திருப்பி உள்ளே விரலை விட்டுத் தையல் ஓரமாக ஓட்டுவாள். கட்டைவிரலால் தோலை மடக்கி, சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பாள். குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்த ஸ்டிக்கர் நாலைந்து எப்போதும் அவள் ஜாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். தூங்கிக்கொண்டிருந்த புருஷன் தொப்பையில் ஒருநாள் ஒன்றை ஒட்டிவிட்டாள். அவன் அதோடு டீக்கடை வரைக்கும் போய்வந்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் இரண்டாயிரத்து எட்டில் மண் விழுந்தது. ஷூ வாங்குகிற வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்தான். சுற்றிப் பார்த்தான், பிரியாணி சாப்பிட்டான், போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். செக்கிங்கில் உட்காருகிறவர்களிடம் படித்ததற்கு ஒரு சர்ட்டிபிகேட் இருக்க வேண்டுமாம். அதற்கு இன்டர்நெட்டிலேயே ஆறு வாரப் படிப்பு இருக்கிறதாம். ஆறு பாடம், கடைசியில் ஒரு பரீட்சை. சத்தார் ஐந்து செக்கிங் பெண்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"பாஸ் பண்றவங்க மேசையில இருக்கலாம். மத்தவங்க சொல்யூஷனுக்குப் போகணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சார், நான் பண்ற வேலையை எனக்கே சொல்லிக் குடுக்கப் போறானா?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"ஆமா. அதுக்குப் பேருதான் கோர்ஸு."

கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் ரூமில்தான் உண்டு. இவர்களை அதன் பக்கம் விடமாட்டார்கள். வெளியே பிரவுசிங் சென்டரில் போய்ப் படித்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் அவள் லியாகத் அலி பாய் கடைக்கு வந்தாள். அங்கே நான்தான் பெருக்கித் துடைக்கிறவள். என் புருஷன் செத்து இருபது வருஷம் ஆகிறது. இருந்தவரைக்கும் அவனும் குப்பைதான் போட்டான்.

பாய் கடையில் ஆறு கம்ப்யூட்டர். நடுவே பிளைவுட் தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. காதலர்களுக்கும் கண்றாவிப் படம் பார்க்கிறவர்களுக்கும்தான் அந்தத் திரை. நான் விளக்குமாற்றை வேண்டுமென்றே தடுப்பில் இடித்துக்கொண்டு போவேன். உள்ளே ஒரு துள்ளல் கேட்கும். எனக்கும் பொழுது போக வேண்டுமே.

முதல் நாள் சௌந்தரம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். கடையே அதிர ஒரு கத்தல்.

"அத்த! இவ சொல்றதெல்லாம் எனக்குத் தெரியும்!"

அத்தை என்றது என்னை, இவ என்றது பாடம் நடத்துகிற பெண்ணை. காது அடைத்திருப்பதால் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடுப்பிலிருந்து ஒரு ஜோடி துப்பட்டாவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சௌந்தரம்மா, என் கஸ்டமரை எல்லாம் துரத்துறியே!"

"நான் இன்னா பாய் பண்ணேன்? அவ தையலைப் பத்திச் சொல்றா. தப்பாச் சொல்றா."

பாடத்தில் வருகிற பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தோல் சுருங்கினால் லூஸ் கிரெய்ன், தையல் விட்டுப்போனால் ஸ்கிப் ஸ்டிட்ச், நரம்புத் தடம் தெரிந்தால் வெயின் மார்க் என்று பதினோரு வருஷமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது சின்ன வார்த்தைகள். எது, ஏன், எப்போது, தவிர, மட்டும் என்பதற்கெல்லாம் இங்கிலீஷில் என்னவென்று தெரியாது. கேள்வியில் பாதி அதுதானே? பாய் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து அதில் எழுத வைத்தார். அவள் அதை டிபன் டப்பாவோடு கம்பெனிக்குக் கொண்டு போய், சாப்பிடும்போது பார்ப்பாள்.

"ஊர்ல எல்லாரும் சின்ன வார்த்தையில ஆரம்பிச்சுப் பெரிய வார்த்தைக்குப் போவாங்க. நீ மேல இருந்து கீழே எறங்கி வர்ற. உன்னை மாதிரி ஒரு ஸ்டூடண்டை நான் பாத்ததே இல்ல" என்றார் பாய்.

"வாத்தியார் மட்டும் ஒழுங்கா? நீயே மாவு மெஷின் வெச்சிருந்து நஷ்டமாகித்தான இதைத் தொறந்த?" என்று நான் கேட்டேன். பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த ஆளிடம் இதுதான் கஷ்டம். சண்டை போடத் தெரியாது.

ஆறு வாரம் சாயந்திரம் சாயந்திரம் வந்தாள். கம்பெனிக்கு வாரலீவு வெள்ளிக்கிழமை, அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுவாள். ஆறு பாடமும் முடிந்தது. பரீட்சையை இரண்டு தடவை எழுதலாம், இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் இருக்க வேண்டும் என்று சட்டம். முப்பது கேள்வி, இருபத்தொன்று சரியாக இருந்தால் பாஸ். கேள்வியில் இருபது வெறும் படம். ஒரு அப்பர் படம் வரும், அதைப் பாஸ் பண்ணலாமா ரிஜெக்ட் பண்ணலாமா என்று ஒன்றை அமுக்க வேண்டும். அதைக் கேட்டதும் சௌந்தரம் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்தாள்.

முப்பதுக்குப் பன்னிரண்டு.

பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"இருபது படத்துக்கும் ரிஜெக்ட் அடிச்சிருக்கியா?"

"ஆமா பாய்."

"இருபதுமா கெட்டுப் போயிருக்கு? இத பாரு, பளபளன்னு இருக்கு. இதுல இன்னா குத்தம்?"

"குத்தம் இல்ல. ஒத்தையா இருக்குது. ஜோடி வரும் வரும்னு பாத்தேன், வரல. ஜோடி இல்லாத அப்பரை எவ பாஸ் பண்ணுவா? எங்க கம்பெனியில ஒத்தை கெடச்சா நேரா ரிஜெக்ட் பொட்டிதான். அதோட ஜோடி வந்து சேந்தாத்தான் வெளிய எடுப்போம்."

பாய் சிரிக்க ஆரம்பித்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அது போட்டோம்மா! ஒரு காலை மட்டும் போட்டோ புடிச்சிருக்கான்!"

"அப்ப அவனுக்குத்தான் வேலை தெரியல" என்றாள் சௌந்தரம். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் மற்ற நாலு பேரும் பாஸ் ஆகிவிட்டார்கள். சௌந்தரத்துக்குப் பக்கத்து நாற்காலி ரெனிட்டா. பன்னிரண்டாவது படித்த சின்னப் பெண். அவளும் பாஸ். ராமமூர்த்தி வாசலில் உட்கார்ந்து, "நாப்பத்தொரு வயசுல பரிட்சை எழுதி ஃபெயிலான பொம்பளை என் பொண்டாட்டிதான்" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னான். இவள் ஒன்றையும் எடுத்து எறியவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"அந்தச் சொல்யூஷன் மேசைக்குத் திரும்பிப் போனா செத்துடுவேன்னு சொல்ல மாட்டேன் அத்த. சாக மாட்டேன். ஏழு வருசம் சாகலையே. ஆனா சோறு மறுபடி நாறும். இப்பத்தான் ரெண்டு மூணு வருசமா ரசத்துக்கு வாசனை தெரியுது."

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டு ரசத்தில் ஒரு கிண்ணம் அவளுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை அடுத்த வெள்ளிக்கிழமை. அதுதான் கடைசி நாள். நம்ம ஊர் நேரத்துக்கு மதியம் இரண்டு மணியோடு பரீட்சையை மூடிவிடுவார்கள் என்று பாய் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். மறுநாள் சனிக்கிழமை காலையில் சத்தாரிடம் சர்ட்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். காலையிலேயே எழுதிவிடலாம் என்று வந்தால் பத்து மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்டைப் பிடுங்குவார்கள். எந்த இரண்டு மணி நேரம் என்பதுதான் சூதாட்டம். பன்னிரண்டுக்கு வந்தது. பாய் மெஷினையெல்லாம் எழுப்பி, இன்டர்நெட் வருவதற்குள் பன்னிரண்டேகால். அவள் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள். ஆரம்பித்தால் ஒரு மணி நேரம். நடுவில் நிறுத்தினால் போனது போனதுதான்.

பன்னிரண்டரைக்குப் பாய் குல்லாவை எடுத்தார்.

"ஜும்மாவுக்கு நேரமாச்சு கெங்கம்மா. கடையை மூடணும். ஷட்டர் தொறந்திருந்தா பஜார்ல நாலு பேரு பேசுவான். நான் பாதி எறக்கி வெச்சிட்டுப் போறேன். நீ உள்ள இரு. தரையைத் துடைச்சிட்டு இரு. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்."

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருபது வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிற கை அது. மாவு மெஷின் காலத்திலிருந்து அந்தக் கைக்கு ஒரே பழக்கம். நான் பக்கெட்டில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். தடதடவென்று ஷட்டர் தரை வரைக்கும் வந்தது. கிளிக் என்று பூட்டு விழுந்தது. அப்புறம் அவர் சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கிற சத்தம்.

"யோவ் பாய்! பாய்!" ஷட்டரை ஓங்கித் தட்டினேன். தெருவே தொழுகைக்குப் போயிருந்தது. எவன் காதிலும் விழவில்லை.

"அத்த, கத்தாத. மூணாவது கேள்வி" என்றாள் சௌந்தரம், திரும்பாமல்.

சரி, ஒரு மணி நேரம்தானே என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேலே ஃபேன் சுற்றியது, டியூப்லைட் எரிந்தது, மூச்சு முட்டவில்லை. என் கஷ்டம் வேறு. காலையில் கரண்ட் இல்லாத நேரத்தில் பொழுது போகாமல் மூன்று டீ குடித்திருந்தேன். அறுபத்தேழு வயதில் மூன்று டீயை ஒரு மணி நேரம் உள்ளே வைத்திருக்க முடியாது. கடையில் கக்கூஸ் கிடையாது. பாய் பக்கத்து லாட்ஜுக்குப் போவார், நான் வீட்டுக்குப் போவேன்.

ஒரு கால் மணி நேரம் தாக்குப்பிடித்தேன். அவள் பக்கம் கவனத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு படமும் ஒற்றை ஒற்றையாக வந்தது. நல்லதாக இருந்தால் பாஸ் என்று அமுக்க வேண்டும். மூளைக்குத் தெரிகிறது, கை போகமாட்டேன் என்கிறது. ரிஜெக்ட் பக்கமாகவே அம்பு நகர்ந்தது. அவள் இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து பாஸில் அமுக்கினாள். "ஜோடி இருக்குது, ஜோடி இருக்குது, எங்கயோ இருக்குது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அமுக்கினாள்.

"சௌந்தரம்."

"பேசாத அத்த."

"எனக்கு ஒண்ணுக்கு வருதுடி."

"அடக்கு."

"அடக்கினதெல்லாம் முடிஞ்சிபோச்சி."

"பதினேழாவது கேள்வி அத்த! இப்பப் போயி..."

"நான் இன்னா பண்ணட்டும்? அதுக்குக் கேள்வி நம்பர் தெரியுமா?"

ஆறாம் நம்பர் தடுப்புக்குள் பக்கெட்டோடு போனேன். திரையை இழுத்துவிட்டேன். அந்தத் திரை கட்டினதிலிருந்து ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். பக்கெட் தகரம். அதன் அடியில் துணி பிழிந்த தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சௌந்தரம் சிரித்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காதவள், மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ஐயோ அத்த! அமுக்கிட்டேன்! பாக்காமலே அமுக்கிட்டேன்!"

"எதை?"

"ரிஜெக்டை! நல்ல பீஸு அத்த அது!"

"திருப்பி மாத்துடி!"

"மாத்த முடியாது. அடுத்தது வந்துருச்சி."

எனக்கு வயிறு லேசானாலும் நெஞ்சு கனத்தது. வெளியே வந்து அவளுக்குப் பின்னால் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஆயுசில் நான் அத்தனை நேரம் பேசாமல் இருந்தது என் கல்யாணத்தன்றுகூடக் கிடையாது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கு ஸ்கிரீனில் முட்டுகிற மாதிரிப் போய்ப் பார்த்தாள். சின்ன வார்த்தை வருகிற கேள்வியெல்லாம் கடைசியில்தான் வந்தது. உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். ஒன்றுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாக அமுக்கினதை நான் பார்த்தேன். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எண்கள் என் புரைக் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அது சிவப்பாக மாறியது தெரிந்தது.

முப்பதாவதை அமுக்கினாள். வெள்ளையாக ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் எழுத்து வந்தது.

"இன்னாடி?"

"இருபத்திரண்டு."

"அது நல்லதா கெட்டதா?"

அப்படியே கீபோர்டு மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவள் நெற்றி எந்தப் பட்டனில் பட்டதோ, கம்ப்யூட்டர் கூடச் சேர்ந்து பீங் பீங் என்று கத்த ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஷட்டர் மேலே போனது. பாய் வியர்க்க விறுவிறுக்க நின்றார். தொழுது முடித்துச் சட்டைப்பையில் கை விட்டபோதுதான் சாவி தட்டுப்பட்டிருக்கிறது.

"யா அல்லா, மன்னிச்சிடுங்கம்மா! பழக்கத்துல பூட்டிட்டேன்... அழாத சௌந்தரம், போனா போவுது. வேற வேலை கெடைக்காதா?"

அவள் தலையைத் தூக்கினாள். நெற்றியில் கீபோர்டு பட்டன் தடம் வரிசையாக இருந்தது. "பாஸு பாய்."

பாய் ஸ்கிரீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அப்புறம் சுற்றிலும் ஒரு தடவை மோந்து பார்த்தார்.

"கெங்கம்மா, பக்கெட் மேல எதுக்குப் பேப்பரைப் போட்டு மூடி வெச்சிருக்க?"

"தொறந்து பாரு. உன் பூட்டுக்குக் கூலி."

அவர் திறக்கவில்லை. கெட்டிக்காரர்.

சர்ட்டிபிகேட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி அதைக் கும்பிட்டு எல்லாம் அவள் வைக்கவில்லை. ராமமூர்த்தி அதன் மேல் காபி டம்ளரை வைத்துவிடுவான் என்று அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள்.

சனிக்கிழமை நடந்ததை அவளே சொன்னாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பதால் ரெனிட்டாவிடமும் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். சத்தார் சர்ட்டிபிகேட்டை வாங்கினார். படிக்கவில்லை. அப்படியே பஞ்ச் மெஷினில் வைத்து இரண்டு ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்து, ஃபைலை பீரோ மேல் எறிந்தார்.

"ம், போயி உக்காரு. அந்த லாட்டைச் சீக்கிரம் விடு. வண்டி நிக்குது."

சௌந்தரம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் அப்பரை எடுத்தாள், அதன் முன்நுனியைக் கட்டைவிரலால் மடக்கினாள். தோல் சுருங்கியது. இரண்டாவதும் சுருங்கியது. லாட்டில் இருந்த நாற்பது ஜோடியையும் மடக்கிப் பார்த்துவிட்டு மொத்தமாகத் தள்ளி வைத்தாள். சத்தார் ஓடி வந்தார். கோபம் வந்தால் அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாக்கா இது? இந்தச் சின்னச் சுருக்கத்தை எப்பவும் விடுறதுதான?"

"எப்பவும் விட்டது தெரியாம விட்டது சார். இப்ப நான் படிச்சவ. நாலாவது பாடத்துலயே இதை விடக்கூடாதுன்னு போட்டிருக்கான். ஓட்டை போட்டீங்களே, அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டவனைக் கேளுங்க."

"எந்தப் பேமானி இந்த கோர்ஸைக் கண்டுபிடிச்சான்!"

"வெள்ளைக்காரன் சார். நீங்கதான சொன்னீங்க."

லாட் திரும்பிப் போனது. வண்டி சாயந்திரம் வரைக்கும் கேட்டிலேயே நின்றது. டிரைவர் உள்ளே வந்து யாரால் லேட் என்று சத்தம் போட்டிருக்கிறான். சத்தார் செக்கிங் மேசையைக் கை காட்டியிருக்கிறார். மேசையில் ஆள் இல்லை. சௌந்தரம் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தாள். அன்றைக்கு அவள் கொண்டு போனது ரசம் சாதம்.